கருங்கல்லின் பெயரும் பிறப்பும்

எமது கல்லூரி மண்டபத்தின் வாயிலிலே நீண்டு கிடக்கும் படிக்கல்லை அறியாத பழைய மாணவர் ஒருவரும் இரார். காலைப் பிரார்த்தனைக்குப் பிந்தி வந்தோர் தலைகுனிந்து நின்றதும் அதன்மீதுதான்; பரிசளிப்பு விழாவிலே பரிசு பெறச் சென்றோர் பெருமிதத்தோடு மிதித்தேறியதும் அதன்மீதுதான். பல தலைமுறையினரின் பாதங்கள் பட்டு நடுவிற் சற்றே தேய்ந்திருக்கும் அதனைக் 'கருங்கல்' என்றே யாவரும் கூறுவர். யாமும் அங்ஙனமே கூறி வந்தோம். அங்ஙனங் கூறியதனால் நேர்ந்த பிழையொன்றும், அப்பிழை எமக்குக் கற்பித்த பாடமுமே இம்மலருக்கு யாம் அளிக்கும் காணிக்கையாம்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் விடுமுறையிற் சென்றிருந்த தவணையிலே, ஏழாம் வகுப்பினருக்குப் பாறைகள் பற்றிய பாடத்தை நடத்தும் பொறுப்பு எம்மிடம் வந்து சேர்ந்தது. தமிழாசிரியராகப் பயிற்றப்பட்ட யாம், பாடநூலை முதல்நாள் இரவு படித்துக்கொண்டு, மறுநாட் காலை மாணவரை அப்படிக்கல்லருகே அழைத்துச் சென்றோம். "இது கருங்கல். இதனையே கிரனைற்று என்பர். பூமிக்குள்ளே உருகிய பாறைக்குழம்பு மெல்ல ஆறி உறைந்து இவ்வாறாயிற்று, ஆகவே இது தீப்பாறை" என்று விளக்கினோம். ஒரு மாணவன் குனிந்து கல்லைக் கையால் தடவிப் பார்த்தான். "ஐயா, இதிலே வெள்ளையும் கறுப்புமாக வரிவரியாய் இருக்கிறதே. உருகிக் கலந்த குழம்பு ஆறினால் வரி எப்படி வரும்?" என்று வினவினான். விடை எமக்குத் தெரியாது. தெரியாதென்று கூறும் துணிவும் அன்று எம்மிடம் இருக்கவில்லை. "புத்தகத்தில் உள்ளதை முதலிற் படி" என்று சொல்லி அவனை அடக்கிவிட்டோம்.

அம்மாணவன் வளர்ந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்திலே புவிச்சரிதவியல் பயின்று பட்டம் பெற்றான். சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு வந்த அவர், அதே படிக்கல்லில் எம்மருகே அமர்ந்து, "ஐயா, இது கிரனைற்று அன்று, நைசு என்னும் உருமாறிய பாறை. முன்னே இருந்த பாறையொன்று ஆழத்திலே வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் நெருக்குண்டு, கனியங்கள் பட்டை பட்டையாகப் பிரிந்து ஒழுங்குபட்டமையால் இவ்வரிகள் உண்டாயின" என்று மெல்லக் கூறினார். அவர் குரலிலே குத்தல் சிறிதும் இல்லை. எமக்கோ அன்றிரவு நித்திரை வரவில்லை. பின்னர் அவர் அனுப்பிய நூல்களை நிகண்டு படிப்பார் போல ஒவ்வொரு சொல்லாய்ப் படித்தோம். படித்ததன் சாரத்தை, அன்று அவ்வகுப்பில் இருந்த ஏனையோரும் அறியுமாறு ஈண்டு எழுதுகின்றோம்.

பெயர் இருவகை

நன்னூல் கற்ற மாணவர் யாவரும் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்னும் பாகுபாட்டை அறிவர். பனை என்பது இடுகுறி. அப்பெயர் அதற்கு ஏன் வந்தது என்று கேட்டால் முன்னோர் இட்டனர் என்பதன்றி வேறு விடையில்லை. பறவை என்பது காரணப்பெயர். பறத்தலால் அப்பெயர் வந்தது. பாறைகளுக்குப் பெயரிடும் அறிஞரும் இவ்விரு வழிகளுக்கும் இடையே நின்று இருநூறு ஆண்டுகளாக வாதிட்டு வந்துள்ளனர். கண்ணுக்குத் தெரியும் உருவைக்கொண்டு பெயரிடுவதா, கண்ணுக்குத் தெரியாத பிறப்பைக்கொண்டு பெயரிடுவதா என்பதே அவ்வாதத்தின் உயிர்நிலை.

கிரனைற்று என்னும் சொல்லை நோக்குக. இலத்தீன் மொழியிலே 'மணி' என்று பொருள்படும் சொல்லின் வழியாகப் பிறந்தது அது. நெல்மணி போலத் தனித்தனியே தெரியும் பருக்கைகளால் ஆயது என்பதே கருத்து. எமது 'கருங்கல்' என்னும் சொல்லோ நிறத்தைச் சுட்டுவது. ஆயினும் மெய்யான கிரனைற்றுப் பெரும்பாலும் சாம்பல் நிறமாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். கொத்தனாருக்கும் சிற்பிக்கும் கடினமான கல் எதுவும் கருங்கல்லே. அது தவறன்று, அவர்தம் தொழிலுக்கு அப்பெயர் போதும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமோ சுண்ணாம்புக்கல்லாலாயது; இங்குள்ள கோயில்களிலும் கட்டடங்களிலும் காணப்படும் கருங்கல் யாவும் வேற்றிடத்திலிருந்து வந்தவையே. ஆகவே, வந்த கல்லின் ஊரையும் பிறப்பையும் அறியாமல் ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டோம்.

உருவால் வகுத்தல்

முதலாவது வழி உருவைக்கொண்டு வகுப்பது. கிரனைற்றுத் துண்டொன்றை வெயிலிற் பிடித்துப் பார்த்தால், கண்ணாடித் துண்டு போன்ற குவாட்சும், வெண்மையாகவோ செம்மையாகவோ தோன்றும் பெல்சுபாரும், மினுங்கும் செதில் போன்ற மைக்காவும் தெரியும். பெல்சுபார் இருவகைப்படும். பொற்றாசியம் முதலிய காரங்கள் மிக்கது ஒன்று. சோடியமும் கல்சியமும் கலந்த பிளஜியோகிளேசு என்பது மற்றொன்று.

சுவிற்சலாந்து நாட்டவரான அல்பேட் ஸ்ட்ரெக்கைசன் என்பார் நெடுங்காலம் உழைத்து உருவாக்கிய வகுப்புமுறையை, அனைத்துலகப் புவிச்சரிதவியலாளர் ஒன்றியம் 1970களில் ஏற்றுக்கொண்டது. குவாட்சையும் இருவகைப் பெல்சுபாரையும் மாத்திரம் கூட்டி நூறு எனக் கொண்டு, அவற்றின் பங்குகளைக் கணிப்பதே இம்முறை. குவாட்சு 20 முதல் 60 வரை இருக்க, மொத்தப் பெல்சுபாரிலே பிளஜியோகிளேசு நூற்றுக்கு 10 முதல் 65 வரை இருப்பின் அது கிரனைற்று. பிளஜியோகிளேசு 65 முதல் 90 வரையாயின் கிரனோடயோரைற்று. 90 இலும் கூடின் தொனலைற்று. இம்முறையின் பெருஞ்சிறப்பு யாதெனின், கல் எவ்வாறு பிறந்தது என்பதில் மாறுபடும் இருவரும் அதன் பெயரில் மாறுபடார். இருவரும் எண்ணிப் பார்க்கலாம்; எண்ணியபின் ஒரே விடை வரும்.

ஆனால் இதன் குறைபாடும் அதுவே. உருவால் ஒத்த இரு கற்கள் பிறப்பால் முற்றிலும் வேறுபடலாம். ஒத்த முகமுடையோர் யாவரும் உடன்பிறந்தோர் ஆகார் அன்றோ?

பிறப்பை வினவியோர்

பிறப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நெடுங்காலம் பள்ளிக்கூடமாய் விளங்கியது ஸ்கொட்லாந்து. ஆகவே அந்நாட்டு மலைகளையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே, ஜேர்மனியில் ஆசிரியராய் இருந்த ஆபிரகாம் வேணர் என்பார், ஆதிக் கடல்நீரிலிருந்து முதன்முதலாகப் படிந்ததே கிரனைற்று என்று கற்பித்தார். அவர் மாணவர் ஐரோப்பாவெங்கும் அக்கொள்கையைப் பரப்பினர். எடின்பரோவில் வாழ்ந்த ஜேம்ஸ் ஹற்றன் இதனை ஏற்கவில்லை. கிரனைற்று உருகிய குழம்பாய்க் கீழிருந்து மேலெழுந்திருப்பின், அது தன்னைச் சூழ்ந்த பழைய பாறையின் வெடிப்புகளுட் புகுந்திருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். 1785 ஆம் ஆண்டிலே கிளென் ரில்ற் என்னும் பள்ளத்தாக்கின் ஆற்றுப்படுகைக்குச் சென்றபோது, கருமையான பழைய பாறையைக் கிழித்துக்கொண்டு செந்நிறக் கிரனைற்று நரம்பு நரம்பாய் ஓடுவதைக் கண்டார். அவர் அடைந்த ஆனந்தத்தைக் கண்ட வழிகாட்டிகள், பொன்னோ வெள்ளியோ அகப்பட்டதென எண்ணினர் என்று அவருடைய நண்பர் பிளேஃபெயர் எழுதி வைத்துள்ளார்.

அன்று ஹற்றன் கண்டது இரண்டு உண்மைகள். கிரனைற்று ஒருகால் உருகியிருந்தது என்பது ஒன்று. தான் கிழித்துச் சென்ற பாறையிலும் அது இளையது என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் உண்மையே மலையாக்கக் காலத்துக் கிரனைற்றுகளை வகுப்பதற்கு வழி திறந்தது.

காலத்தால் வகுத்தல்

மலை எவ்வாறு தோன்றுகின்றது? புவியோடு பல பெருந்தகடுகளாய்ப் பிளவுண்டு மெல்ல நகர்கின்றது. இரண்டு கண்டங்களுக்கு இடையிலுள்ள கடலின் தரை ஒரு கண்டத்தின் கீழே அமிழ்ந்து செல்லச் செல்லக் கடல் ஒடுங்கும். ஈற்றிற் கண்டங்கள் ஒன்றோடொன்று மோதும். இடையிலிருந்த படிவுகள் மடிப்புண்டு உயரும். இதனையே மலையாக்கம் என்பர். ஸ்கொட்லாந்தின் மலைகள் அவ்வாறு தோன்றியவை. அந்நாட்டை உரோமர் கலிடோனியா என்று அழைத்தமையால் அம்மலையாக்கத்துக்குக் கலிடோனிய மலையாக்கம் என்று பெயர். அங்கு ஒடுங்கி மறைந்த கடலுக்கு அறிஞர் இட்ட பெயர் ஐயபெற்றசு. கிரேக்க புராணத்திலே அத்திலாந்திக்குக் கடலின் பெயருக்கு மூலமான அற்லசு என்பவனின் தந்தை அவன். இன்றைய கடலுக்கு முந்திய கடலாதலின், மகன் பெயருக்கு முன்னே தந்தை பெயரை வைத்தனர்.

அம்மலையாக்கம் ஒரே நாளில் முடிந்ததன்று. ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பெரும் நெருக்கம் நிகழ்ந்தது. கடல் முற்றாக மூடுண்டது அதற்குப் பல கோடி ஆண்டுகள் பிந்தியே. அக்கால மலைகளின் உச்சிகள் மழையாலும் பனியாலும் தேய்ந்தொழிந்தன. ஆழத்தில் உறைந்த கிரனைற்று இன்று வெளியே தெரிவது அதனாலேயே. நாம் இன்று காண்பது மலையின் முடியன்று, வேர்.

வேரைக் கண்டு வரலாற்றைப் படிப்பது எங்ஙனம்? வேட்டியின் கரையை நினைத்துக்கொள்க. வேட்டியை மடிக்கும்போது கரையும் உடன் மடியும். ஆனால் மடித்து வைத்தபின் ஓர் ஊசியைக் குத்தினால், அது மடிப்புகளை ஊடறுத்து நேரே செல்லும். அதுபோல, சூழ்ந்த பாறையின் மடிப்போடு தானும் மடிந்து, தன் மைக்காச் செதில்களும் அதே திசையில் ஒழுங்குபட்டிருக்கும் கிரனைற்று மலையாக்கத்துக்கு முந்தியதாகவோ அதனோடு உடன்நிகழ்ந்ததாகவோ இருக்கும். மடிப்புகளை வெட்டிக்கொண்டு தெளிந்த எல்லையோடு நிற்பது பிந்தியதாகும்.

இவ்வாறு ஆராய்ந்த முன்னைய அறிஞர் ஸ்கொட்லாந்துக் கிரனைற்றுகளைப் பழையன, புதியன என இரண்டாக வகுத்தனர். எச். எச். றீட் என்னும் பேராசிரியர் 1961 இலே புதியனவற்றை மேலும் இரண்டாகப் பிரித்தார். சூழ்ந்த பாறையைத் தள்ளி ஒதுக்கித் தமக்கு இடஞ் செய்துகொண்டவை ஒருவகை. பாறை தானே விலகியோ அமிழ்ந்தோ இடங்கொடுக்க, அவ்விடத்தை நிரப்பியவை மற்றொருவகை. கிளென்கோ என்னும் இடத்திலே வட்டமான ஒரு பெரும் பாறைத்துண்டு வளைய வடிவமான பிளவின் வழியே கீழிறங்க, அப்பிளவிலே குழம்பு மேலெழுந்து உறைந்தமையை 1909 ஆம் ஆண்டிலே கிளவ், மோவ், பெய்லி ஆகிய மூவரும் விளக்கினர். பிரித்தானியத் தீவுகளில் மிகவுயர்ந்ததாகிய, 1,345 மீற்றர் உயரமுள்ள பென் நெவிசு மலையும் அத்தகைய வரலாறு உடையதே.

இவ்வகுப்பின் பயனை அபடீன் பகுதியிலே தெளிவாகக் காணலாம். சாம்பல் நிறக் கிரனைற்றாற் கட்டப்பட்டமையால் அபடீன் கிரனைற்று நகரம் எனப்படும். அந்நகரின் ரூபிஸ்லோக் கற்குழி 1971 இல் மூடப்படும்வரை நெடுங்காலம் கல் வழங்கியது. அங்கிருந்து வடக்கே உள்ள பீற்றர்ஹெட் என்னும் ஊரிலே செந்நிறக் கிரனைற்று எடுக்கப்பட்டது. கட்டடக்காரருக்கு இரண்டும் நிறத்தால் மாத்திரம் வேறுபட்ட கற்கள். ஆனால் அபடீன் கல் ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், மலை நெருக்குண்ட காலத்திலே பிறந்த பழைய கிரனைற்று. பீற்றர்ஹெட் கல்லோ ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நெருக்கம் தணிந்தபின் பிறந்த புதிய கிரனைற்று. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் இமயமலை தோன்றி வளர எடுத்த காலத்துக்குக் குறைந்ததன்று.

ஒரு பெருவழக்கு

இந்நிலையில் ஹற்றன் தீர்த்துவைத்ததாக எண்ணப்பட்ட வழக்கு மீண்டும் எழுந்தது. மலையின் ஆழ்ந்த வேர்களிலே நைசுக்கும் கிரனைற்றுக்கும் எல்லை காண முடியாதவாறு ஒன்று மற்றொன்றாய் மாறிச் செல்வதைச் சிலர் கண்டனர். உருகாமலே, திண்மமாய் இருந்த பழைய பாறை, தன்னூடே சென்ற பாயங்களால் மெல்ல மெல்லக் கிரனைற்றாய் மாறியது என்று அவர்கள் கூறினர். றீட் அவர்களே இக்கட்சியின் தலைமையானவர். கிரனைற்று என்னும் ஒரு பெயருக்குள்ளே பலவகைப் பிறப்புகள் அடங்கும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. 1957 இல் வெளிவந்த அவரது நூலின் பெயரே 'கிரனைற்று விவாதம்' என்பதாகும்.

எதிர்க்கட்சியினர் ஆய்வுகூடத்திலே விடை தேடினர். அமெரிக்காவைச் சேர்ந்த ரற்றில், போவன் என்னும் இருவரும் குவாட்சையும் பெல்சுபாரையும் நீரோடு சேர்த்து அமுக்கத்தில் வைத்துச் சூடாக்கி, எக்கலவை மிகக் குறைந்த வெப்பத்தில் உருகுகின்றது என்று அளந்தனர். இயற்கைக் கிரனைற்றுகளின் சேர்மானம் அக்கலவையைச் சூழவே திரண்டு நின்றது. போவன் காலமானபின், 1958 இல் அம்முடிவுகள் நூலாய் வெளிவந்தன. பாறை உருகும்போது முதலில் உருகி வடிவது கிரனைற்றுக் குழம்பே என்பது இதனால் விளங்கிற்று. பெருந்திரளான கிரனைற்றுகள் உருகிப் பிறந்தவையே என்று இன்று அறிஞர் ஒப்புகின்றனர். ஆயினும் றீட் கேட்ட வினா வீண்போகவில்லை. உருகியது எனின், எது உருகியது? அவ்வினாவிலிருந்தே அடுத்த வகுப்புமுறை தோன்றிற்று.

தாய்ப்பாறையால் வகுத்தல்

1974 ஆம் ஆண்டிலே அவுத்திரேலியாவின் தென்கிழக்கிலுள்ள லக்லன் மடிப்பு மலைவலயத்தை ஆராய்ந்த புரூஸ் சப்பல், அலன் வைற் என்னும் இருவர், அங்குள்ள கிரனைற்றுகள் இரு குலத்தினவாய்ப் பிரிகின்றன என்று காட்டினர். தீப்பாறை உருகிப் பிறந்தவை 'ஐ' வகை. அடையற் பாறை உருகிப் பிறந்தவை 'எஸ்' வகை. தாய்ப்பாறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே இப்பெயர்களாயின.

தாயைக் காணாது சேயைக்கொண்டு தாயை அறிவது எங்ஙனம்? இதன் தருக்கம் வியக்கத்தக்கது. மலைப்பாறை வெயிலிலும் மழையிலும் உக்கிக் களிமண்ணாகும்போது, அதிலுள்ள சோடியமும் கல்சியமும் நீரிற் கரைந்து ஆற்றோடு கடலை அடைகின்றன. எம் உப்பளங்களில் விளையும் உப்பின் சோடியமும் பெரும்பாலும் என்றோ ஒரு மலையிலிருந்து கழுவுண்டு வந்ததே. கரையாத அலுமினியம் களிமண்ணிலே தங்கிவிடும். ஆகவே களிமண் படிந்து இறுகிய பாறை பின்னொருகால் ஆழத்திற் சென்று உருகினால், அக்குழம்பிலே சோடியமும் கல்சியமும் குறைந்தும், அலுமினியம் மிகுந்தும் இருக்கும். மிகுந்த அலுமினியம் வெள்ளை மைக்காவாகவும், கோடியரைற்று, காணற்று ஆகிய கனியங்களாகவும் வெளிப்படும். இவ்வாறு உக்கிய வரலாறு இல்லாத தீப்பாறை உருகினால், கல்சியம் போதியவாறு இருத்தலின் ஹோண்பிளெண்ட் என்னும் கருங்கனியம் தோன்றும்.

இதனை எண்ணாலும் அளப்பர். அலுமினிய ஒட்சைட்டின் மூலக்கூற்றளவைக் கல்சியம், சோடியம், பொற்றாசியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகளின் கூட்டளவால் வகுக்க வரும் ஈவு 1.1 இலும் கூடின் அது எஸ் வகையின் அடையாளம். குறையின் பெரும்பாலும் ஐ வகை.

மற்றொரு சான்று ஸ்ரொன்சியம் என்னும் மூலகம். உருபீடியத்தின் ஒரு சமதானி, மிகமிக மெல்லச் சிதைந்து ஸ்ரொன்சியத்தின் 87 ஆம் சமதானியாகின்றது. அதன் பாதி சிதைவதற்கு ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள் செல்லும். உருபீடியம் மிக்க பழைய கண்டப் பாறையிலும் அதிலிருந்து வந்த களிமண்ணிலும் இச்சமதானி கூடிக்கொண்டே போகும். லக்லன் வலயத்திலே 86 ஆம் சமதானிக்கு அது கொள்ளும் தொடக்க விகிதம் ஐ வகையில் 0.704 முதல் 0.706 வரையாகவும், எஸ் வகையில் 0.708 இலும் கூடியதாகவும் இருந்தது. இம்மூலகத்தின் பெயரோ ஸ்கொட்லாந்தின் ஸ்ரொன்சியன் என்னும் சிற்றூரால் வந்தது. அவ்வூர்ச் சுரங்கத்தில் எடுத்த கனியத்திலேதான் அது முதலில் இனங்காணப்பட்டது. அவ்வூரின் அருகே எழுந்து நிற்பதும் ஒரு கலிடோனியக் கிரனைற்றே. ஓர் ஊர் தந்த மூலகம், அவ்வூர்க் கல்லின் குலத்தையே விசாரிக்கும் சாட்சியாயிற்று.

இம்முறையை ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுசென்றால், இருமைக்காக்களும் உடைய பழைய அபடீன் கல் எஸ் வகையின் பாற்படும். புதியனவற்றுட் பெரும்பாலானவை ஐ வகையைச் சார்வன. ஆயினும் புதியன பலவற்றிலே சிர்க்கோன் என்னும் நுண்கனியத்தின் நடுவே, கல்லினும் மிகப் பழைய உள்மணிகள் அகப்படுகின்றன. எமது புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் கலந்துள்ள அதே சிர்க்கோன்தான் அது. எளிதில் உருகாத அம்மணிகள், பழைய கண்டப் பாறையும் அக்குழம்பிலே கலந்தது என்பதற்குச் சான்றாகின்றன. லக்லன் வலயத்திலுங்கூட இரு குலங்களும் முற்றும் தனித்தனியானவை அல்ல, கலப்பினால் விளைந்தவையே என்று பின்வந்த அறிஞர் வாதிட்டுள்ளனர்.

இதனால் உலகியற் பயனும் உண்டு. ஜப்பானிய அறிஞர் இஷிஹாரா 1977 இலே மக்னரைற்று உள்ள கிரனைற்று, இல்மனைற்று உள்ள கிரனைற்று என வேறோர் இணையை வகுத்தார். முன்னதோடு செம்பும் மொலிப்டினமும், பின்னதோடு வெள்ளீயமும் தங்குதனும் சேர்ந்து வருதல் பெரும்பான்மை. எக்கல்லிலே எத்தாதுவைத் தேடுவது என்பதற்குக் குலவிசாரணை வழிகாட்டுகின்றது.

இடத்தால் வகுத்தல்

கிரனைற்று யாவும் மலையாக்கத்தாற் பிறந்தவை என்றும் எண்ணற்க. ஸ்கொட்லாந்தின் மேற்கிலுள்ள ஸ்கை, ஆரன் என்னும் தீவுகளிலும் கிரனைற்று மலைகள் உள. அவை ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய அத்திலாந்திக்குக் கடல் திறக்கத் தொடங்கிய காலத்திலே, புவியோடு இழுபட்டபோது பிறந்தவை. நெருக்கத்தாற் பிறந்தவை அல்ல. மலையாக்கம் சாராத இத்தகைய கிரனைற்றுகளுக்கு 'ஏ' வகை என்னும் பெயரை லொய்செல், வோன்சு என்னும் இருவர் 1979 இல் இட்டனர்.

1984 இலே பியர்சு, ஹரிசு, ரின்டில் என்னும் மூவர், உருபீடியம், இத்திரியம், நியோபியம் முதலிய அருமூலகங்களின் அளவைக்கொண்டு ஒரு வரைபடம் அமைத்தனர். கடற்றரை அமிழும் விளிம்பிலுள்ள எரிமலை வளைவு, கண்டங்கள் மோதும் எல்லை, தகட்டின் நடுப்பகுதி, கடலடி முகடு எனக் கிரனைற்றுப் பிறந்த இடத்தை நான்காக அவ்வரைபடம் பிரித்துக் காட்டும். பயன் மிக்க முறை இது. ஆயினும் மோதல் முடிந்தபின் பிறந்த கிரனைற்றுகள் எக்களத்திலும் ஒழுங்காக அடங்காமற் பல களங்களிற் சிதறி விழுகின்றன. காரணம் எளிது. கல்லின் சேர்மானம் தாய்ப்பாறையிலிருந்து வருவது. பிறந்த இடத்திலிருந்து வருவதன்று. பழைய எரிமலைப் பாறை நெடுங்காலத்துக்குப்பின் வேறொரு காரணத்தால் உருகினாலும், சேயின் முகத்திலே பழைய தாயின் சாயலே தெரியும்.

படிக்கல் கற்பித்த பாடம்

இதுகாறும் கூறியவற்றால், கிரனைற்றை வகுக்கும் வழிகள் நான்கு எனக் கண்டோம். இஃது எத்தகையது என்பதற்கு விடை உருவால் வகுத்தல். எப்போது வந்தது என்பதற்கு விடை காலத்தால் வகுத்தல். எதிலிருந்து வந்தது என்பதற்குத் தாய்ப்பாறை. எங்கே பிறந்தது என்பதற்கு இடம். வினா நான்காதலின் விடையும் நான்கு. ஒன்றன் விடையை மற்றொன்றற்குக் கூறுதலே பிழைக்கெல்லாம் மூலம். அபடீன் கல் உருவாற் கிரனைற்று, காலத்தாற் பழையது, தாயால் எஸ் வகை. இம்மூன்றுள் முதலாவதை எண்ணி அறியலாம். இரண்டாவதை வயலிற் சென்று கண்டும் ஆய்வுகூடத்தில் அளந்தும் அறியலாம். மூன்றாவதோ பல சான்றுகளைக் கூட்டிச் செய்யும் அனுமானம். புதிய சான்று வரின் மாறுதற்கு உரியது.

ஆகவே மாணவருக்கு யாம் கூறுவது இதுவே. முதலிற் கண்டதைக் கூறுக. பின்னர்க் காரணத்தைக் கூறுக. காரணத்தைப் பெயருக்குள்ளே அடைத்துவிட்டால், காரணம் பிழைத்தபோது பெயரும் பொய்த்துவிடும். வேணரின் மாணவர் கல்லைப் பார்க்குமுன்னே அதன் பிறப்பைக் கற்றிருந்தனர். ஆகவே அவர்கள் கண்முன் இருந்த நரம்புகள் அவர்களுக்குத் தெரியவில்லை. யாமும் அன்று படிக்கல்லருகே நின்று அதே பிழையைச் செய்தோம். 'தீப்பாறை' என்னும் காரணப்பெயரை முதலிற் சொல்லிவிட்டமையால், எம் காலடியில் இருந்த வரிகள் எமக்குத் தெரியவில்லை. பெயர் அறியாத பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அவை தெரிந்தன.

இப்பொழுது புதிய வகுப்பினருக்கு மரபும் பெயரும் கற்பிக்கும்போது, நன்னூற் பாகுபாட்டைச் சொன்னபின், அவர்களை ஒருமுறை அப்படிக்கல்லண்டை அழைத்துச் செல்வதை வழக்கமாக்கிக் கொண்டோம். "இது என்ன கல்?" என்று யாம் கேட்பதில்லை. "இதில் என்ன காண்கிறீர்கள்?" என்றே கேட்கின்றோம். வரிகளை யாராவது ஒருவர் எப்போதும் காண்கின்றனர். அவை ஏன் வந்தன என்று கேட்போருக்கு, எமக்குத் தெரிந்த அளவைக் கூறி, தெரியாததைத் தெரியாது என்றும் கூறுகின்றோம். அச்சொல்லைக் கூறுதற்கு எமக்குப் பல ஆண்டுகள் ஆயின; ஒரு பழைய மாணவர் மீண்டும் வந்து கற்பிக்க வேண்டியும் ஆயிற்று.

பழைய மாணவர்களே, விழாவுக்கு வரும்போது அப்படிக்கல்லின்மீது ஒரு கணம் நின்று குனிந்து பாருங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆழத்திலே நெருக்குண்ட வரிகளும், உங்கள் பாதங்கள் தேய்த்த பள்ளமும் அங்கே ஒன்றாய்க் கிடக்கக் காண்பீர்கள்.